அரங்கேற்றமும் பட்டறையும்: கணினி ஆய்வகத்தின் வாரக் கூட்டம்

நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைப் பொழிவில் இடையிடையே வந்த கிளைப்பேச்சுகள் இவ்வச்சு வடிவில் குறைக்கப்பட்டுள்ளன; வாதம் எண்ணிட்டு வரிசைப்படுத்தப்பட்டுள்ளது.

ஆய்வகத்தின் வாரக் கூட்டம் என்பது ஓர் அறக்கட்டளைப் பொழிவுக்குச் சிறிய பொருளாகத் தோன்றக்கூடும். யார் எந்தக் கிழமை எந்த அறையில் கூடி எவ்வளவு நேரம் பேசுவது என்பது அலுவலகச் சுற்றறிக்கையோடு முடிந்துபோக வேண்டிய செய்தி என்றே பலரும் கருதுவர். ஆயினும் கணினி ஆய்வகத்துக்கே உரிய ஒரு நிலைமையை எண்ணிப் பார்த்தால் இப்பொருளின் கனம் புலப்படும். வேதியியல் ஆய்வகத்தில் ஒருவர் செய்யும் வேலை குடுவையாகவும் நெடியாகவும் அடுத்தவருக்குத் தெரிந்துவிடுகிறது; இயந்திரப் பொறியியல் கூடத்தில் உடைந்த உறுப்பு மேசைமேல் கிடக்கிறது; கணினி ஆய்வகத்திலோ ஒவ்வொருவர் வேலையும் அவரவர் மடிக்கணினிக்குள் மூடிக்கிடப்பதால், அடுத்தடுத்த இருக்கைகளில் அமர்ந்திருக்கும் இருவர் ஒரே வழுவோடு, அதாவது நிரலில் ஒளிந்திருக்கும் ஒரே பிழையோடு, ஆறு மாத காலம் தனித்தனியே மல்லாடிக்கொண்டிருந்தாலும் ஒருவருக்கொருவர் தெரியாமல் போவது அங்கே இயல்பு. அத்தகைய இடத்தில் எல்லோருக்கும் பொதுவான ஆய்வுக் கருவி என்று ஒன்று உண்டென்றால் அது கூட்டம்தான். அது மலிவான கருவியும் அன்று. பன்னிரண்டு பேர் வாரம் ஒரு மணி நேரம் என்று ஆண்டுக்கு 40 வாரங்கள் கூடினால் 480 மணி நேரம் செலவாகிறது. ஓர் ஆய்வாளர் ஏறத்தாழ மூன்று மாதம் முழு நேரமும் உழைப்பதற்கு அது சமம். இவ்வளவு விலையுள்ள வேறெந்தக் கருவியையும் இயக்கும் முறை அறியாமல் எந்த ஆய்வகமும் வாங்கி வைப்பதில்லை.

தமிழ் மரபு அரங்கேற்றத்தை நன்கு அறியும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் சிறப்புப்பாயிரம் கூறுகிறது. அரங்கேறும் நூல் முடிந்த நூல். அவை அதை ஏற்கும், அல்லது மறுக்கும். முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அந்த மரபின் இன்றைய வடிவம் என்று கொள்ளலாம். பட்டறை வேறு. அங்கே கொல்லன் இரும்பை ஆறவிட்டு அடிப்பதில்லை. பக்கத்தில் சம்மட்டி பிடிப்பவனுக்கும் அடி விழ வேண்டிய இடமும் நேரமும் தெரிந்திருக்கும். ஆய்வகக் கூட்டம் முடியாத வேலையைச் சூட்டோடு கொண்டுவந்து பலர் கூடி அடித்துத் திருத்தும் பட்டறையாக இருக்க வேண்டியது என்பதும், பெரும்பாலான ஆய்வகங்களில் அது குட்டி அரங்கேற்றமாக மாறிவிட்டது என்பதும், அம்மாற்றமே கூட்டங்கள் சலிப்பூட்டுவதற்குக் காரணம் என்பதும் இப்பொழிவு நிறுவ முயலும் கருத்து.

1

முதலில் கற்றலின் கணக்கு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம், மாணவன் ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்கே பெறுவான் என்றும், உடன் கற்பவரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு சேரும் என்றும், எஞ்சிய அரைப் பங்கு தான் பிறருக்குச் செவ்வையாக எடுத்துரைப்பதால் வரும் என்றும் கணக்கிடுகிறது. இலக்கண நூலில் கற்பித்தல் முறைக்கு இவ்வளவு துல்லியமான பங்கீடு இருப்பது வியப்புக்குரியது. அப்பங்கீட்டை இன்றைய ஆய்வகத்தின் நேரப் பங்கீட்டோடு ஒப்பிட்டால் நிலைமை தலைகீழாக இருப்பது தெரியும்: நெறியாளர் பேசுவது மிகுதி, உடன் ஆய்வாளர் பேசுவது குறைவு, மாணவர் தம் வேலையை எடுத்துரைப்பது ஆண்டுக்கு ஓரிரு முறை. எடுத்துரைத்தல் என்பது அறிந்ததை வெளியிடும் செயல் மட்டுமன்று. அறியாதது எது என்று உரைப்பவருக்கே காட்டிக்கொடுக்கும் செயலும் ஆகும். நிரலைச் சக மாணவருக்கு வரிவரியாக விளக்கிக்கொண்டிருக்கும்போதே தவறு எங்கே என்று விளக்குபவருக்குத் தட்டுப்படுவது நிரலாளர் அனைவரும் அறிந்த அனுபவம்.

2

கூடிப் படித்தலுக்குக் கணினி அறிவியல் வரலாற்றில் மிகத் தெளிவான சான்று எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவின் செவ்வாய்ப் பிற்பகல் குழு. நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த டைக்ஸ்ட்ரா, 1973ஆம் ஆண்டு பரோஸ் நிறுவனத்தின் ஆய்வாளராகப் பொறுப்பேற்று நூனன் என்னும் ஊரில் இருந்த தம் வீட்டிலிருந்தே பணியாற்றத் தொடங்கியபின், பல்கலைக்கழகத்துக்கென வாரத்தில் செவ்வாய்க்கிழமையை மட்டும் ஒதுக்கிக்கொண்டார். அன்று பிற்பகலில் சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஓர் ஆய்வுக் கட்டுரையையோ ஒரு சிக்கலையோ எடுத்துக்கொண்டு, வாக்கியம் வாக்கியமாக வாசித்து, ஒவ்வொரு சொல்லும் குறியீடும் அங்கே ஏன் நிற்கிறது என்று வினவினர். 1984ஆம் ஆண்டு அவர் அமெரிக்காவின் ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது குழுவும் அங்கே புதிதாக முளைத்தது; கிழமை மாறவில்லை.

தமிழ் வாசகர்க்கு இம்முறை புதிதாகத் தோன்றாது. உ. வே. சாமிநாதையர் 1871 முதல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட முறையும் வரிவரியாக நிற்கும் வாசிப்புதான். வேறுபாடு நூலுக்குத் தரப்படும் இடத்தில் இருக்கிறது. பாடம் கேட்டலில் நூல் ஆசனத்தில் இருக்கிறது, கேட்பவர் அதற்கு ஏற்பத் தம்மைத் தகுதிப்படுத்திக்கொள்கிறார். செவ்வாய்க் குழுவில் நூல் கூண்டில் நிற்கிறது, ஒவ்வொரு வாக்கியமும் தன் இருப்புக்கு நியாயம் சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சான கட்டுரையையும் முடியாத வேலையாகவே நடத்தும் இம்மனப்பாங்கே அக்குழு விட்டுச்சென்ற பெரிய கொடை.

டைக்ஸ்ட்ரா தம் சொந்த எழுத்தையும் அவ்வாறே நடத்தினார். பெரும்பாலும் மைப்பேனாவால் எழுதி எண்ணிட்டு, படியெடுத்து நண்பர்க்கும் சக ஆய்வாளர்க்கும் அஞ்சலில் அனுப்பிவந்த குறிப்புகள், அவர் 2002ஆம் ஆண்டு மறைந்தபோது 1,300க்கு மேற்பட்டிருந்தன. கணினி நினைவகத்தில் இனிப் பயன்படாத பகுதிகளை, முதன்மை நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே தேடி மீட்டெடுக்கும் வழிமுறை ஒன்றை அவரும் லெஸ்லி லாம்போர்ட் உள்ளிட்ட நால்வரும் 1978ஆம் ஆண்டு வெளியிட்டனர். அதன் முந்தைய வடிவங்களில் நுட்பமான பிழை இருந்தது. பிறர் கண்ணுக்கு அது சென்றதால்தான் பிழை அச்சேறாமல் நின்றது. துறையின் முன்னணி அறிஞர்க்கே ஒரு சிறு நிரலைச் சரியாக எழுதப் பிறர் பார்வை தேவைப்பட்டது என்பதை முதலாண்டு மாணவர் அறிந்துகொண்டால் கூட்டத்தில் வாய் திறக்க அஞ்சமாட்டார்.

இன்று பல துறைகளில் நடக்கும் கட்டுரை வாசிப்புக் கூட்டம் இதற்கு நேர்மாறானது. ஒரு மாணவர் கட்டுரையைப் படித்து, கல்லூரிகளில் பிபிடி என்று வழங்கும் படவில்லைகளில் சுருக்கி ஒப்பிக்கிறார். கட்டுரையைத் திறந்தே பார்க்காத மற்றவர்கள் அச்சுருக்கத்தைக் கேட்டுக் கலைகிறார்கள். கட்டுரை எதைச் சொல்லாமல் விட்டது என்பது சுருக்கத்தில் தெரிவதில்லை. வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது எஸ். கேசவ் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட சிறு கட்டுரை ஒன்று ஆய்வுக் கட்டுரையை மூன்று சுற்றுகளில் படிக்கச் சொல்கிறது: தலைப்பு, சுருக்கம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை ஆகியவற்றை ஐந்து முதல் பத்து நிமிடங்களில் பார்ப்பது முதல் சுற்று, நிறுவல்களின் நுணுக்கங்களைத் தள்ளிவைத்து ஒரு மணி நேரம் வரை படிப்பது இரண்டாவது, கட்டுரையாளரின் வேலையை மனத்துக்குள் தானே மறுபடி செய்துபார்ப்பது மூன்றாவது, புதியவர்க்கு அதற்கு நான்கைந்து மணி நேரம் ஆகும். முதல் சுற்றை முடிக்காதவர் வாசிப்புக் கூட்டத்தில் அமர்வதில்லை என்ற ஒரே விதியை வைத்தாலே, கூட்டத்தின் நேரம் முழுவதும் மூன்றாம் சுற்றுக்குக் கிடைத்துவிடும். பத்து நிமிட முன்வேலைக்கு இவ்வளவு பலன் தரும் விதி வேறில்லை.

3

ஒரே கூட்டத்தின் தலையில் பல வேலைகளைச் சுமத்துவது அடுத்த நோய். யார் என்ன செய்தார் என்ற கணக்கு, ஒருவருடைய நிரூபணத்தில் உள்ள ஓட்டை, அடுத்த மாத மாநாட்டு உரையின் ஒத்திகை, வாங்க வேண்டிய கணினியின் விலைப்புள்ளி ஆகிய எல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஒரே மணி நேரத்தில் வந்து குவிகின்றன. அவற்றுள் எளிதானது எதுவோ அதுவே நேரத்தைத் தின்கிறது. பெரும்பாலும் அது விலைப்புள்ளியாக இருக்கும்.

இந்நோயைக் கண்டு மருந்து தேடிய ஆய்வகம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் நிரல்மொழி ஆய்வுக் குழுவை நடத்திவந்த மைக்கேல் ஹிக்ஸ், ஜெஃப்ரி ஃபாஸ்டர் ஆகிய இருவரும் தம் குழுவின் சந்திப்பு முறையை மாற்றி அமைத்து, அதன் அனுபவத்தை 2010ஆம் ஆண்டு ஸ்கோர் என்ற பெயரில் கட்டுரையாக வெளியிட்டனர். மென்பொருள் நிறுவனங்களில் ஸ்கிரம் என்ற முறை வழக்கில் உள்ளது. ரக்பி ஆட்டத்தில் வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து பந்துக்காக மோதும் கட்டத்தின் பெயர் அது. குழு நாள்தோறும் சிறிது நேரம் நின்றுகொண்டே கூடிப் பேசிக் கலைவது அதன் முதன்மைக் கூறு. அதை ஆய்வுக்கு ஏற்ப வளைத்ததே ஸ்கோர். அதற்கு முன்பு அவர்கள் ஒவ்வொரு மாணவரையும் வாரத்தில் ஒரு முறை குறித்த நேரத்தில் தனியே சந்தித்துவந்தனர். சொல்வதற்கு ஒன்றுமில்லாத மாணவரும் குறித்த நேரத்தை நிரப்பினார். சொல்வதற்கு மிகுதியாக உள்ளவருக்கு நேரம் போதவில்லை. திங்களன்று முட்டி நின்றவர் தம் சந்திப்பு நாள் வரும்வரை முட்டிக்கொண்டே நின்றார். ஒருவர் வேலை மற்றவர்க்குத் தெரியவும் இல்லை.

மாற்றம் எளிமையானது. குழு முழுவதும் வாரத்தில் சில முறை ஏறத்தாழ 15 நிமிடம் கூடுகிறது; சென்ற கூட்டத்துக்குப் பின் என்ன செய்யப்பட்டது, எங்கே தடை, அடுத்து என்ன என்று ஒவ்வொருவரும் சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஆழ்ந்த விவாதம் அங்கே எழுந்தால் அது வெளியே நகர்த்தப்படுகிறது. தேவைப்படுவோர் தேவைப்படும்போது கேட்டுப் பெறும் தனிக் கூட்டத்தில் அது தேவைப்படும் அளவு நீள்கிறது. நிலை சொல்லும் கூட்டத்துக்குக் கால வரையறை உண்டு, பொருள் வரையறை இல்லை. ஆழக் கூட்டத்துக்குப் பொருள் வரையறை உண்டு, கால வரையறை இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கும்போதுதான் இரண்டும் கெடுகின்றன.

இம்முறையின் உள்நயம் நேரச் சிக்கனத்தில் இல்லை. இரண்டு நாளுக்கு ஒரு முறை பேச வேண்டியவர் முடிந்த வேலையைக் கொண்டுவரவே முடியாது. இரண்டு நாளில் எந்த ஆய்வும் முடிவதில்லை. ஆகவே அவர் முடியாததையே பேசப் பழகுகிறார். மாதத்துக்கு ஒரு முறை பேசுபவரோ முதல் மூன்று வாரங்களை மறைத்து, நான்காம் வாரத்தில் வரைபடம் தயாரிக்கிறார். பட்டறையா அரங்கேற்றமா என்பதைக் கூட்டத்தின் இடைவெளியே பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. இந்திய ஆய்வகங்களுக்கு இம்முறை அப்படியே பொருந்துமா என்ற ஐயம் நியாயமானது. பகுதிநேர ஆய்வாளராகக் கல்லூரிகளில் கற்பித்துக்கொண்டே பதிவு செய்திருப்போர் வாரத்தில் மூன்று நாள் வர இயலாது. அவர்களுக்கு இணையவழிக் காணொளிக் கூட்டம் பதினைந்து நிமிட நிலைசொல்லலுக்கு முற்றிலும் போதும். வாக்கியம் வாக்கியமாக வாசிக்கும் கூட்டத்துக்குப் போதாது.

ஒத்திகை உரை தனியே குறிப்பிடத்தக்கது. மாநாட்டுக்குச் செல்லும் முன் மாணவர் தம் உரையைக் குழுவின் முன் பேசிப் பார்ப்பது இது. சைமன் பெய்டன் ஜோன்ஸ், ஜான் ஹியூஸ், ஜான் லாஞ்ச்பரி ஆகிய மூவரும் 1993ஆம் ஆண்டு எழுதிய கையேடு, உரை என்பது கட்டுரையின் சுருக்கமன்று, கட்டுரையைப் படிக்கத் தூண்டும் அழைப்பே என்ற கொள்கையில் நின்று, முதன்மைக் கருத்து ஒன்றை எடுத்துக்காட்டுகளின் வழியே சொல்லச் சொல்கிறது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறையோ, பொது அவையில் உரை நிகழ்த்தி மதிப்பீட்டாளரின் இசைவைப் பெறுவதை முனைவர் பட்டத்துக்குரிய தேவைகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. விருந்துப் பேச்சாளரின் பொழிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொழிவு முடிந்தபின் மாணவர்களோடு அவர் அமரும் அரை மணி நேரமே அவரை அழைத்த செலவுக்கு ஈடு, பொன்னாடை அன்று.

4

பட்டறையில் ஓசை இருக்கும். கருத்து வேறுபாட்டை நடத்தத் தெரியாத கூட்டம் ஒன்று மௌனத்தில் முடியும், அல்லது மனக்கசப்பில் முடியும். அதை நடத்தும் முறையை ராபர்ட் டெய்லரிடம் கற்கலாம். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆர்பா அமைப்பில் கணினி ஆய்வு நிதியை நிருவகித்தபோது, நிதி பெறும் பல்கலைக்கழக ஆய்வாளர்களை ஆண்டுதோறும் ஓரிடத்தில் கூட்டி, ஒருவர் வேலையை மற்றவர் கேள்விக்கு உட்படுத்தச் செய்தவர் அவர். பின்னர் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வு மையத்தில், 1973ஆம் ஆண்டு ஆல்ட்டோ என்ற தனியாள் கணினியை உருவாக்கிய ஆய்வகத்தில், அதே பழக்கத்தை வாரந்தோறும் நடத்தினார். அங்கே நாற்காலிகளுக்குப் பதில் மணிகள் நிரப்பிய பெரிய பைகளில் ஆய்வாளர்கள் சரிந்து அமர்ந்தனர். பேசுபவர் சீட்டாட்டத்தில் சீட்டுப் பகிர்பவரைப் போல அன்றைய ஆட்டத்தின் விதியைத் தாமே வகுத்தார். கூட்டத்தின் பெயரும் டீலர் என்றே வழங்கியது.

டெய்லர் கருத்து வேறுபாட்டை இரண்டு வகையாகப் பிரித்தார். எதிராளியின் நிலைப்பாட்டை எதிராளியே ஒப்பும் வண்ணம் எடுத்துச் சொல்ல இருவராலும் இயலாத வேறுபாடு முதல் வகை; இருவராலும் அவ்வாறு சொல்ல இயன்றும் உடன்பாடு வராதது இரண்டாம் வகை. முதல் வகையை இரண்டாம் வகையாக மாற்றுவதே தம் வேலை என்று அவர் கொண்டார், உடன்பாட்டை வற்புறுத்தவில்லை. தருக்க நூலில் பிறர் மதம் கூறி மறுத்தல் என்ற முறையை அறிந்த தமிழ் அவைக்கு இதன் அருமை விளங்கும். எதிராளியின் கொள்கையை முதலில் அவரே மகிழும்படி நிறுத்திய பின்பே மறுப்பு தொடங்கும் அம்முறை, மேடைப் பட்டிமன்றத்தில் கைதட்டலுக்காகக் கைவிடப்பட்டதைப் போல ஆய்வகத்திலும் கைவிடப்படக் கூடாது.

5

பேசியது காற்றில் போய்விடுமானால் அடுத்த வாரமும் அதே பேச்சு நடக்கும். ஆனால் எதை எழுதிவைப்பது என்பதில்தான் தவறு நேர்கிறது. வருகைப் பதிவேட்டில் கையொப்பமும், பதாகையின் முன் நின்று எடுத்துக்கொண்ட, இடக்குறியிட்ட புகைப்படமும் நிறுவன மதிப்பீட்டுக் கோப்புக்குப் பயன்படலாம்; ஆய்வுக்கு அவற்றால் பயனில்லை. எழுதிவைக்கத் தக்கது தவறிப்போன வழிதான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்ட் க்னூத் நடத்திய சிக்கல் தீர்க்கும் கருத்தரங்கு இதற்கு முன்மாதிரி. பருவத்துக்கு ஐந்து சிக்கல்கள் மாணவர் முன் வைக்கப்பட்டன; வகுப்பில் நடந்த உரையாடலைத் துணை ஆசிரியர் ஒருவர் குறித்துவைத்தார்; மாணவர் முதலில் நினைத்தது, அது ஏன் பலிக்கவில்லை, வேறொருவர் அதை எப்படித் திருப்பினார் என்பவற்றோடு சேர்த்து அக்குறிப்புகள் 1977 முதல் துறையின் ஆய்வறிக்கைகளாக வெளியாயின. விடையை மட்டும் அச்சிடும் பாடநூலில் கிடைக்காத ஒன்று, சிந்தனை வழுக்கி விழும் இடம், அவ்வறிக்கைகளில் கிடைக்கிறது.

குறிப்பு கெட்டால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாற்றில் சான்று உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வகத்தில் எட்சாக் கணினி 1949ஆம் ஆண்டு மே மாதம் இயங்கத் தொடங்கிய அடுத்த மாதமே அங்கே ஒரு மாநாடு கூடியது. ஜூன் 24 அன்று ஆலன் டூரிங் ஒரு பெரிய நிரல் சரியானதுதான் என்று எப்படிச் சோதிப்பது என்ற கேள்வியை எடுத்து, பெருக்கல் செய்யும் வசதி இல்லாத கணினியில் கூட்டலை மட்டும் கொண்டு தொடர்பெருக்கத்தைக் கணக்கிடும் நிரலை எடுத்துக்காட்டி, நிரலின் ஒவ்வொரு கட்டத்திலும் உண்மையாக இருக்க வேண்டிய கூற்றுகளை எழுதிவைத்துத் தனித்தனியே சரிபார்க்கலாம் என்று விளக்கினார். மாநாட்டு அறிக்கையில் அவ்வுரை மூன்று பக்க அளவில், குறியீடுகள் பல இடங்களில் பிறழ்ந்து அச்சாயிற்று. அதே கருத்து 1967ஆம் ஆண்டு ராபர்ட் ஃபிளாய்டின் கட்டுரை வழியே புதிதாகத் துறைக்குள் வந்தது. டூரிங்கின் உரையைப் பிழை நீக்கி மோரிஸ், ஜோன்ஸ் ஆகிய இருவர் 1984ஆம் ஆண்டு மறுபதிப்புச் செய்தபோதுதான் அவர் எவ்வளவு முன்னே சென்றிருந்தார் என்பது பரவலாகத் தெரிந்தது. பேசப்பட்ட நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே 35 ஆண்டுகள்.

6

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் முறையான கூட்டத்துக்கு விதி இல்லை என்று சொல்ல இயலாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகள் ஆய்வாளர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும் என்றன; 2022ஆம் ஆண்டு விதிமுறைகளும் பருவந்தோறும் அதைக் கேட்கின்றன. ஆய்வேட்டை ஒப்படைக்கும் முன் துறையின் ஆசிரியர்க்கும் பிற ஆய்வாளர்க்கும் திறந்த அவையில் உரை நிகழ்த்த வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. இவை தேவையான விதிகள். ஆனால் ஆறு மாதம் என்பது அரங்கேற்றத்தின் கால அளவு. அக்குழுவின் முன் நிற்பவர் தேறுவதற்காக நிற்கிறார், திருந்துவதற்காக அன்று. வாரப் பட்டறை இல்லாத துறையில் அரையாண்டு அரங்கேற்றம் மட்டும் நடக்குமானால், ஐந்தாம் மாதத்தில் அவசரமாக ஒரு முடிவு செய்யப்படுகிறது என்பதைத் தவிர வேறு விளைவு இராது.

அதைவிட ஆழமான தடை இரண்டு. முதலாவது, அவையின் படிநிலை. அவையறிதல், அவையஞ்சாமை என்று திருக்குறளில் அடுத்தடுத்து நிற்கும் 72, 73ஆம் அதிகாரங்கள் இரண்டும் பேசுபவனை நோக்கியவை. ஆய்வகத்துக்கோ கேட்பவரை நோக்கிய மூன்றாவது ஒன்று, அச்சுறுத்தாமை என்று பெயர் சூட்டத்தக்கது, தேவைப்படுகிறது. நெறியாளர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் அதன்பின் மாணவர் சொல்வதெல்லாம் ஆமோதிப்பாகவே இருக்கும். ஆகவே இளையவர் முதலிலும் நெறியாளர் கடைசியிலும் பேசுவது என்ற வரிசையை எழுதாச் சட்டமாக்குவது நல்லது. நெறியாளரும் தம் முறை வரும்போது தாம் முட்டி நிற்கும் இடத்தைச் சொல்ல வேண்டும்; மறுக்கப்பட்ட தம் கட்டுரையின் மதிப்புரைகளை மாணவர் முன் வாசித்துக்காட்டும் பேராசிரியர் அவ்வொரு செயலால் கற்பிப்பது ஒரு பருவப் பாடத்தில் அடங்காது.

இரண்டாவது, மொழி. தமிழ்வழியில் பள்ளிப் படிப்பை முடித்து, மாவட்டக் கல்லூரியில் பட்டம் பெற்று வரும் மாணவர்க்கு முடிந்த சிந்தனையை ஆங்கிலத்தில் சொல்லப் பயிற்சி போதும். முடியாத சிந்தனையை ஆங்கிலத்தில் சொல்வதற்கு அம்மொழியில் தடுமாறவும் உரிமை வேண்டும், அவ்வுரிமையை அவை தருவதில்லை. விளைவு, அவர் மனப்பாடம் செய்த வாக்கியங்களோடு வருகிறார். மனப்பாடம் செய்யத்தக்கது முடிந்த வேலை மட்டுமே. பட்டறைக் கூட்டம் தமிழிலும், தேவைப்படும் இடத்தில் ஆங்கிலச் சொற்கள் கலந்தும் நடக்கலாம். ஒத்திகை உரை ஆங்கிலத்தில் நடக்கட்டும். குழுவில் வேறு மாநில மாணவர் இருந்தால் இவ்வேற்பாடு நெகிழ வேண்டியதுதான். ஆனால் எல்லோரும் தமிழராக உள்ள அறையில் ஒருவரும் வாய் திறவாமல் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்துக்கு எந்த ஆய்வு நியாயமும் இல்லை. மொழியைத் தரத்தின் அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் ஆய்வகங்களுக்கு இழப்பையே தந்துவந்துள்ளது.

7

இறுதியாக, இடம் இல்லை, நிதி இல்லை, துறையில் ஆள் போதாது என்ற மறுப்புக்கு விடையாக, சென்னையிலேயே நடந்த ஒரு நிகழ்வு. அது கணினித் துறையில் தொடங்கவில்லை. எனினும் கணினித் துறைக்கும் வந்து சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியரான அல்லாடி ராமகிருஷ்ணன் 1957-58இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் தங்கி, அங்கே ஓயாது நடந்த கருத்தரங்குகளின் சூட்டை உணர்ந்து திரும்பினார். அரசியலமைப்பு வரைவுக் குழு உறுப்பினராக இருந்த தம் தந்தை அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் வாழ்ந்த, மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள ஏகாம்ர நிவாஸ் இல்லத்திலேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கினார். வெளிநாட்டு அறிஞர்கள் அங்கு வந்து பேசினர். அப்போதே வெளியாகிக்கொண்டிருந்த புதிய ஆய்வுகளை, துறை இன்னும் செரித்துக்கொள்ளாத நிலையிலேயே, இளம் மாணவர்கள் எடுத்து விவாதித்தனர். 1960ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைக்கு வந்த நீல்ஸ் போர் அக்குழுவைக் கண்டு பாராட்டியது பிரதமர் நேருவின் செவிக்கு எட்டியது. அன்றைய அமைச்சர் சி. சுப்பிரமணியத்தின் முயற்சியால் 1961ஆம் ஆண்டு அக்டோபரில் நேரு அம்மாணவர்களைச் சென்னையில் சந்தித்தார். 1962 ஜனவரி 3 அன்று மாநிலக் கல்லூரியில் கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. கட்டடமும் நிதியும் அமைந்தபின் கருத்தரங்கு வரவில்லை. கருத்தரங்கு முதலில் வந்தது.

அந்நிறுவனம் இன்று தரமணியில் இயங்குகிறது. கணிதம், கோட்பாட்டு இயற்பியல் ஆகியவற்றோடு கோட்பாட்டுக் கணினி அறிவியலுக்கும் அங்கே தனிக் குழு உண்டு. ஆய்வாளர்கள் கூடிப் பேசும் அங்குள்ள அரங்குகளுள் ஒன்றின் பெயர் அல்லாடி ராமகிருஷ்ணன் அரங்கு.